கானாவூர்த் தண்ணீரும் முல்லைத்தீவு உப்புத்தண்ணீரும்

போன வைகாசியில் முல்லைத்தீவுக் கரையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்றபோது என் கூட்டாளி ஒருவன் கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது. அவன் வேதக்காரன் (கிறிஸ்தவன்), சொந்தமாக வள்ளம் வைத்திருக்கிறான், படிப்பு ஓ.எல். வரைக்கும்தான், அதையும் இரண்டு இடப்பெயர்வுகளுக்கு நடுவில்தான் எழுதினான். அந்தக் கிழமை நான் முகநூலில் கானாவூர்க் கலியாணத்தைப் பற்றி ஒரு நக்கல் எழுதியிருந்தேன். யேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கினாராம், தண்ணீரில் இருப்பது ஐதரசனும் ஒட்சிசனும்தானே, திராட்சரசத்துக்கு வேண்டிய காபன் எங்கிருந்து வந்தது என்று. நன்றாகவே ஓடியது. நிறையப் பேர் சிரித்து, பகிர்ந்து, "சரியான அடி" என்றெல்லாம் எழுதினார்கள்.

"வாசிச்சனான் மச்சான். நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். அப்ப வாற திங்கள் வற்றாப்பளைக்குப் போறியோ?"

"ஓம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகோணும்."

"அங்க உப்புத்தண்ணியில விளக்கெரியுமெல்லோ. அதுக்குள்ள காபன் எங்கயிருந்து வருது?"

கோபமாகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வெளியூர்க்காரருக்காக: வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் எங்கள் பக்கத்தின் பெரிய விழா. வைகாசி மாதத்தில், பாக்குத்தெண்டல் என்ற சடங்கில் தொடங்கும். பிறகு முல்லைத்தீவுக் கடலில் போய்த் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்தக் கடல்நீரில் விளக்கேற்றுவார்கள். அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்க, திங்கட்கிழமை பொங்கல். நான் குழந்தையாக இருந்த காலம் தொடக்கம் அதைக் கைகூப்பிப் பார்த்து வருகிறேன். கடவுள் இல்லை என்று முடிவெடுத்த பிறகும் கைகூப்பித்தான் நிற்கிறேன், ஏனென்றால் பக்கத்தில் அம்மா நிற்கிறார். அந்த விளக்கைப் பற்றி இதுவரை ஒரு வரி எழுதியதில்லை.

ஏன் எழுதவில்லை என்று யோசித்தால் முதலில் வருகிற பதில் கொஞ்சம் வெட்கமானது. நான் நாத்திகம் படித்தது ஆங்கிலத்தில், போனில், இரவில், காதுக்குள் இயர்போனை வைத்துக்கொண்டு. ரிச்சர்ட் டோக்கின்ஸ், கிறிஸ்டோபர் ஹிச்சென்ஸ், சாம் ஹாரிஸ். அவர்கள் எந்த மதத்தோடு சண்டை பிடித்தார்களோ அந்த மதத்தோடுதான் எனக்கும் சண்டை பிடிக்கத் தெரிந்தது. ஆதியாகமத்தில் படைப்புக் கதை இரண்டு விதமாக இருப்பது எனக்குப் பாடம். கந்தபுராணத்தில் ஒன்றுக்கொன்று எங்கே முட்டுகிறது என்று கேட்டால் முழிப்பேன்.

அவர்கள் ஏன் கிறிஸ்தவத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. அது அவர்கள் வீடு. ஆங்கிலத் தத்துவஞானி பேர்ட்ரண்ட் ரஸல் 1927 மார்ச்சில் லண்டன் பற்றர்சியில் தான் ஏன் கிறிஸ்தவன் இல்லை என்று உரையாற்றினார். ஏன் நீங்கள் சைவர் இல்லை என்று அங்கே யார் அவரைக் கேட்கப்போகிறார்கள்? டோக்கின்ஸ் அங்கிலிக்கன் வளர்ப்பு, 2024 இல் கூடத் தன்னைக் கலாசாரத்தால் கிறிஸ்தவன் என்று சொன்னவர், பாடல்களும் தேவாலயங்களும் பிடிக்கும் என்றார். என் கைகூப்பலுக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை என்று அன்றைக்கு எனக்குப் பட்டது, சரி, அது வேறு கதை.

அந்த வீட்டில் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதும் முக்கியம். பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் இன்றைக்கும் 26 ஆயர்களுக்கு ஆசனம் இருக்கிறது. இங்கிலாந்தில் தெய்வநிந்தனைக் குற்றம் என்று ஒன்று 2008 வரை சட்டத்தில் இருந்தது, அது காப்பாற்றியது கிறிஸ்தவத்தை மட்டும்தான். சல்மான் ருஷ்டியின் நாவல் விவகாரத்தில் முஸ்லிம்கள் அந்தச் சட்டத்தைக் கொண்டு வழக்குப் போடப் பார்த்தபோது இது உங்களுக்குச் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் பரிணாமம் படிப்பித்ததற்காக 1925 இல் ரெனசியில் ஒரு வாத்தியாரைக் கூண்டில் ஏற்றினார்கள். எண்பது வருடம் கழித்து, 2005 இல், பென்சில்வேனியாவில் டோவர் என்ற ஊரில் உயிரியல் வகுப்புக்குள் படைப்புவாதத்தை வேறு பெயரில் நுழைக்கப் பார்த்து, அதற்கும் வழக்கு நடந்தது. பிள்ளையின் பாடப்புத்தகத்துக்குள் கைவைக்கிற மதத்தைத்தானே அந்தத் தாய் தகப்பன் திட்டுவார்கள்.

இன்னொன்று, கிறிஸ்தவத்தைக் கேள்வி கேட்பது சுகம். அது தானாகவே எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்திருக்கிறது. விசுவாசப் பிரமாணத்தில் பிலாத்துவின் பெயர்கூட இருக்கிறது. இந்த ஆளுநரின் காலத்தில், இந்த இடத்தில், இன்னது நடந்தது, நம்புகிறாயா இல்லையா என்று நேராகக் கேட்கிற மதம் அது. இல்லை என்று சொல்லவும் வழி இருக்கிறது. எங்கள் சைவத்தில் எதை இல்லை என்பது? ஊர்க்கோயிலில் யாரும் என்னிடம் நீ என்ன நம்புகிறாய் என்று கேட்டதே இல்லை. திருவிழா உபயத்துக்குக் காசு தந்தாயா என்றுதான் கேட்பார்கள். கடவுள் இல்லை என்று சொன்னால் "அதுவும் ஒரு நிலைதான் தம்பி" என்று ஒரு ஐயா சிரித்தபடி திருநீற்றை நீட்டுவார். பஞ்சுமூட்டைக்குக் குத்துவது போல, கை நோகாது, மூட்டைக்கும் ஒன்றும் ஆகாது.

பயமும் ஒரு காரணம், மறைக்க ஒன்றுமில்லை. 2015 பெப்ரவரியில் டாக்காவில் புத்தகச் சந்தையிலிருந்து வெளியே வந்த நாத்திக எழுத்தாளர் அவிஜித் ரோயை வெட்டிக் கொன்றார்கள். அதற்கு முன்பு 2013 இல் பூனாவில் காலைநடைக்குப் போன நரேந்திர தபோல்கரைச் சுட்டார்கள், அவர் பேய், மந்திரம், சாமியார் மோசடிகளுக்கு எதிராக வேலை செய்தவர். ஒருவர் வங்காளத்து இந்துக் குடும்பத்தில் பிறந்து இஸ்லாமிய அடிப்படைவாதத்தையும் சேர்த்து விமர்சித்தவர், மற்றவர் சொந்த வீட்டுக் குப்பையைக் கிளறியவர். இரண்டு பேருக்கும் ஒரே முடிவு. ஆங்கிலத்து நாத்திகர் ஆயரைத் திட்டினால் ஆயர் அவரைத் தேநீருக்கு அழைப்பார்.

தமிழ்நாட்டில் இதே கேள்வி தலைகீழாக வரும். பெரியார் ஏன் பிள்ளையாரை மட்டும் உடைத்தார், சிலுவையை ஏன் உடைக்கவில்லை என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1953 இல் அவர் உடைத்த பிள்ளையார் அவருடைய ஊர்ப் பிள்ளையார், தன்னைச் சூத்திரன் என்று எழுதி வைத்த மதத்தின் பிள்ளையார். வத்திக்கானுக்கு அவர் ஏன் போகவேண்டும்? ரஸலும் பெரியாரும் செய்தது ஒரே வேலைதான். ஆளாளுக்குத் தன் வீட்டுக்குள் நின்று கத்தினார்கள்.

எங்கள் நாட்டில் அதைச் சரியாகச் செய்தவர் என்று நான் நினைப்பது ஆபிரகாம் கோவூரை. திருவல்லாவில் ஒரு மார்த்தோமா குருவின் மகனாகப் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு வாத்தியாராக வந்தவர். அவரைப் பற்றிச் சொல்லப்படுகிற கதை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். தாவரவியல் ஆளை வேதபாடம் படிப்பிக்கச் சொல்லி அதிபர் விட்டாராம். பெடியள் எல்லோரும் சோதனையில் பாஸ். அடுத்த வருடம் அந்தப் பாடத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, பெறுபேறு நல்லதுதான், பெடியளுக்கு விசுவாசம் போய்விட்டதே என்றாராம் அதிபர். பிறகு கோவூர் பேய், சாத்திரம், சாய் பாபா என்று எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தார். ஆனால் தொடங்கியது தகப்பனின் புத்தகத்தில்.

நான் தொடங்கியது கூட்டாளியின் புத்தகத்தில். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. அவனுடைய கேள்விக்குப் பிறகு என்னுடைய பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தேன், யார் யார் பகிர்ந்தது என்று. நாத்திகர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கலாம். மற்றவர்கள் முழுக்க நெற்றியில் பட்டை போட்ட சைவர்கள். என்னுடைய காபன் கணக்கை அவர்கள் கொண்டுபோய்க் கிறிஸ்தவச் சபைக்காரருக்கு அடிக்கப் பொல்லாக்கியிருந்தார்கள்.

இது புதிதும் இல்லை. 1873 இல் பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் பாதிரிமாரோடு இரண்டு நாள் விவாதித்தபோது, ஐரோப்பிய நாத்திகர்கள் பைபிளைக் கிழித்த வாதங்கள் அந்தக் காலத்துப் பௌத்தர்களின் கைக்கும் வந்திருந்தன. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர், அந்தப் புத்தகம் தண்ணீர்பட்ட பாடு. 1854 இல் பாதிரிமாருக்குப் பதில் எழுதியபோது அதே பைபிளை விரித்து, உங்கள் பழைய ஏற்பாட்டிலும் விளக்கும் தூபமும் பலியும் இருக்கிறதே, பிறகு எங்கள் கோயிலில் மட்டும் என்ன பிழை என்று கேட்டார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அன்றைக்கு மிசனறிக்குப் பின்னால் வெள்ளைக்காரனின் ஆட்சி இருந்தது, நாவலர் மேலே பார்த்து அடித்தார். நான் இன்றைக்கு வன்னியில் இருந்துகொண்டு அதைச் செய்தால் யாரை அடிக்கிறேன்?

இந்த மண்ணில் மதம் என்ற பெயரில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரையில் முதலிடம் பௌத்தத்துக்கு என்று எழுதியிருக்கிறது. குருந்தூர்மலையில் விகாரை கட்டுகிற விவகாரத்தில் கட்டளை பிறப்பித்த முல்லைத்தீவு நீதிபதி 2023 இல், உயிருக்கு அச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவியை விட்டு நாட்டையும் விட்டுப் போனார். வெடுக்குநாறி மலையில் 2024 சிவராத்திரி இரவில் கும்பிட நின்ற சனத்தைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. பௌத்தத்தைப் பற்றி சிங்களவரே எழுதினாலும் தப்ப முடியாது, ஒரு சிறுகதைக்காகச் சக்திக சத்குமார 2019 இல் நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். நானும் அதையெல்லாம் தாண்டித்தான் கானாவூருக்குப் போயிருக்கிறேன், அங்கேதான் பொலிஸ் இல்லை.

எங்கள் பக்கத்துத் திருச்சபையோ, லண்டனில் ரஸல் பார்த்த திருச்சபை இல்லை. 2009 மே 18 வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு கூடப்போன பிரான்சிஸ் யோசப் அடிகளார் இன்றுவரை வீடு திரும்பவில்லை. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசப், கச்சேரி (மாவட்டச் செயலகம்) கணக்குகளையே எடுத்துக் கூட்டிக் கழித்து, வன்னியில் கணக்கில் வராமல்போன 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அரசாங்கத்தின் ஆணைக்குழு முன்னால் போய்க் கேட்டார். அந்த எண்ணை அன்றைக்கு வாய்விட்டுச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு இருந்தது? பகுத்தறிவு என்பது கணக்குப் பார்க்கிறதுதான் என்றால், அந்தக் கணக்கைப் பார்த்தது ஒரு ஆயர்.

அதற்காகச் சபைகளை விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. என் சின்னம்மா ஒருவர் அல்லேலூயா சபைக்குப் போகிறார். புருசனும் மகனும் போரில் மாத்தளனில் போய்விட்டார்கள். தையல் காசில் பத்தில் ஒன்றைத் தசமபாகம் என்று எடுத்து வைக்கிறார், எனக்கு அதைப் பார்க்க வயிறு எரியும். ஒருநாள் வாதாடுவதற்கென்றே, பைபிள் முரண்பாடு பத்தைப் போனில் குறித்துக்கொண்டு போனேன். அவர் மெசினை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, "தங்கச்சியின்ர மகளின்ர கலியாணத்தில நான் எங்க நிண்டனான், கண்டனியோ?" என்றார். கண்டேன். குசினிக்குள் நின்றார். ஆலாத்தி எடுக்கிற நேரம் யாரும் அவரைக் கூப்பிடவில்லை, மணவறைப் பக்கம் அவரும் வரவில்லை. சபையில் அவருக்கு முன்வரிசையில் கதிரை. மைக்கைக் கையில் தந்து, சாட்சி சொல்லுங்கள் அக்கா என்கிறார்கள்.

நான் குறித்துக்கொண்டு போன பத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் குசினியைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லிச் சாதியால் தள்ளிவைக்கப்பட்ட சனம் சத்தியாக்கிரகம் இருந்ததே, அதன் மிச்சசொச்சம் இன்றைக்கு எந்தெந்த ஊரில் எந்தெந்த வடிவத்தில் இருக்கிறது என்று எழுதியிருக்க வேண்டும். யாரும் சிரித்துப் பகிர மாட்டார்கள். கோயில் சபையில் இருக்கிற மாமா வீட்டு வாசலுக்கு வருவார்.

சரி, விளக்கிலிருந்தே தொடங்குவோம் என்று நினைத்தேன். அன்றைக்குப் பின்னேரம் அம்மா பொங்கலுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தி, அந்த விளக்குக்கு எண்ணெய் ஏதும் விடுகிறவர்களோ என்று, சும்மா கேட்பது மாதிரிக் கேட்டேன். அம்மா சுளகை நிறுத்தி என்னை ஒருதரம் பார்த்தார்.

"உனக்கு வேற வேலை இல்லையோ?"

பிறகு சுளகு திரும்பவும் ஆடத் தொடங்கியது. திங்கட்கிழமை கூட்டாளியின் மோட்டார் சைக்கிளைத்தான் இரவல் வாங்கினேன். திறப்பைத் தரும்போது பெற்றோல் முழுக்க அடித்திருக்கிறேன் என்றான், வேறொன்றும் கேட்கவில்லை.