மூடியில் ஒரு கோடு

இருமல் மருந்தை மூடியில் ஊற்றி, நின்றபடியே எட்டிப் பார்த்தேன். 5 மில்லி. சரியாக இருந்தது.

"அப்பா, மேல இருந்து பாக்காதீங்க. குனிஞ்சு பாருங்க."

இருமுவதும் அவள்தான், வாத்தியாரும் அவள்தான்.

குனிந்தேன். கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது மருந்து.

கண் கோட்டுக்கு நேராக இல்லையென்றால் அளவு கூடவோ குறையவோ தெரியுமாம். கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஓரத்தில் ஏறி நடுவில் குழியும். அந்தக் குழியின் அடியைத்தான் படிக்க வேண்டும். பாதரசம் நேர்மாறு, நடுவில் புடைக்கும், அதற்கு உச்சி. இந்த வளைவுக்குப் பிறைத்தளம் என்று பெயர். யார் வைத்தார்களோ, அழகான பெயர்.

அப்புறம் ஒன்று சொன்னாள், நான் நம்பவே இல்லை. 50 மில்லி தண்ணீரோடு 50 மில்லி எத்தனால், அதாவது சாராயம், கலந்தால் 100 வராதாம். சுமார் 96தான்.

"மீதி ஆவியாயிடுச்சா?"

"இல்லப்பா, மூலக்கூறுகள் நெருங்கி உட்கார்ந்துக்கும். எடை அப்படியேதான் இருக்கும்."

எனக்கு ஆச்சியின் படி ஞாபகம் வந்தது. அரிசி அளப்பவர் படியைக் குலுக்கினால் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். வாங்கும்போது குலுக்கச் சொல்வாள். கைமாற்றுக் கொடுக்கும்போது குலுக்க மாட்டாள், தலைதட்டியும் விடுவாள்!

மருந்தைக் குடித்துவிட்டு மூடியைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் பிசுபிசுவென்று கொஞ்சம் ஒட்டியிருந்தது.

ஆய்வகத்தில் திரவத்தை அளந்து விடும் கண்ணாடிக் குழாய், பிப்பெட். அதில் பல வகைகளில் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளக் கூடாதாம். அதைக் கழித்துத்தான் கோடே போட்டிருப்பார்களாம்.

"அப்ப இந்த மூடியில?"

தெரியவில்லை என்றாள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அலசிக் குடிக்கச் சொன்னேன்.