கிகாலியில் முதுகலை

ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் 'எந்த ஊரு, எந்தத் தெரு' என்று ஆரம்பிப்போம். நாலாவது கேள்விக்குள் அவர் என்ன ஆட்கள் என்று தெரிந்துகொண்டுவிடுவோம். ருவாண்டாவின் தலைநகர் கிகாலிக்கு வந்ததும் நான் முதலில் விட்ட பழக்கம் அது. இங்கே இருக்கும் இரண்டு பெரிய சமூகங்கள் ஹூட்டு, டுட்சி. ஆனால் யாரும் யாரையும் ஹூட்டுவா, டுட்சியா என்று விசாரிப்பதில்லை. இப்போதைய அடையாள அட்டையில் அந்த வரியே கிடையாது. 1994 வரை இருந்தது. பெல்ஜியக்காரர்கள் 1930-களில் கொண்டுவந்த அட்டையை, 1962-இல் விடுதலை கிடைத்த பிறகும் அரசுகள் அப்படியே வைத்துக்கொண்டன. 1994 ஏப்ரலில், ஹூட்டு தீவிரவாதிகள் டுட்சிகளைக் கொன்று குவித்த இனப்படுகொலை தொடங்கியபோது, சாலையில் தடுப்புப் போட்டு நின்றவர்கள் கேட்டது அந்த அட்டையைத்தான்.

மதுரையிலிருந்து நான் இங்கே வந்தது ருவாண்டா பல்கலைக்கழகத்தில் இனப்படுகொலையையும் அதன் தடுப்பையும் பற்றி முதுகலை படிக்க. வாழ்க்கை சீக்கிரமே பழகிவிட்டது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம் என்பதால் வருடம் முழுக்க ஒரு மிதமான குளிர்ச்சி. கிமிரோங்கோ சந்தையில் வாழைக்காய், பீன்ஸ், மரவள்ளிக் கீரை எல்லாம் கிடைக்கும். மோட்டார் பைக் டாக்சியில் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். மாதக் கடைசிச் சனிக்கிழமை காலையில் கடைகள் திறக்காது. தெருவாசிகள் எல்லோரும் சேர்ந்து வாய்க்கால் வெட்டுவார்கள், புல் செதுக்குவார்கள். நானும் மண்வெட்டியோடு போய்விடுவேன். தெருவில் பாதிப்பேரை எனக்கு அங்கேதான் பழக்கம்.

வகுப்பில் நாங்கள் மிக நிதானமாக வாசித்தது அகாயேசு தீர்ப்பு. டாபா என்ற வட்டாரத்தின் நிர்வாகத் தலைவராக இருந்தவர் ஜான்-பால் அகாயேசு. 1998 செப்டம்பர் 2 அன்று, தான்சானியாவின் அருஷா நகரில் இருந்த ஐ.நா. தீர்ப்பாயம் அவரைக் குற்றவாளி என்றது. இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் ஒருவரைத் தண்டித்தது அதுவே முதல் முறை. 1948 உடன்படிக்கை தேசிய, இன, நிற, மதக் குழுக்களைத்தான் சொல்கிறது. ஹூட்டுவும் டுட்சியும் பேசுவது ஒரே மொழி, கும்பிடுவது ஒரே தேவாலயத்தில். அப்படியிருக்க டுட்சிகளைத் தனிக் குழுவாக எப்படிக் காட்டுவது? நீதிபதிகள் எடுத்துக்கொண்ட ஆதாரங்களில் ஒன்று அந்த அடையாள அட்டை. ஆட்களைப் பிரித்துக் கொல்ல உதவிய காகிதமே நீதிமன்றத்தில் சாட்சியாகி நின்றதை வாசித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

அந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் நவநீதம் பிள்ளை, டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண். முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. வேறொன்றைச் சொல்ல வந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகளுக்கு நடந்ததைக் கூண்டில் நின்று சொன்ன பிறகுதான் அது வெளியே வந்தது. குற்றப்பத்திரிகை 1997-இல் திருத்தப்பட்டது. வன்புணர்வும் இனப்படுகொலையின் ஒரு செயலாக முடியும் என்று சட்டத்தில் நிலைபெற்றது அந்த வழக்கில்தான். நவநீதம் பிள்ளை பின்னாளில் ஐ.நா. மனித உரிமை ஆணையராகி, 2013-இல் இலங்கையின் வடக்குக்கும் போய்வந்தார். நம்மில் பலருக்கு அந்தப் பயணம் ஞாபகம் இருக்கும். அருஷாவில் அவர் செய்ததுதான் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 7 முதல் ஒரு வாரம் நாடே துக்கம் அனுசரிக்கும். மதுக்கடையில்கூடப் பாட்டுச் சத்தம் கேட்காது. எங்கள் தெருக் கூட்டத்தில் ஒருவர் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின் வரிசையில் ஒரு பெண் அலற ஆரம்பித்தார். அதற்கென்றே பயிற்சி பெற்ற இரண்டு பேர் ஓடிவந்து, கைத்தாங்கலாக அவரை வெளியே கூட்டிப்போனார்கள். பேசியவர் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் மானம் கருதி.

கிகாலிக்குத் தெற்கே புகெசெராவில் இருக்கிறது நியாமடா தேவாலயம். உயிர் பிழைக்க உள்ளே ஒளிந்த ஆயிரக்கணக்கானோர் அங்கேயே கொல்லப்பட்டார்கள். பெஞ்சுகளின் மேல் அவர்களுடைய உடைகள் குவிந்து கிடக்கின்றன, எல்லாம் ஒரே மண் நிறத்தில். ஒரு குழந்தையின் ஸ்வெட்டரில் பொத்தான்கள் இன்னும் இருந்தன, மேலே ஒன்றைத் தவிர. மேலே தகரக் கூரையில் குண்டுச் சிதறல்கள் துளைத்த ஓட்டைகள் வழியாக வெயில் விழுகிறது. அங்கே நின்றபோது வகுப்பில் படித்த எந்த வரியும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அப்புறம் கச்சாச்சா. அருஷா தண்டித்தது அறுபது சொச்சம் பேரை. ஊர் மக்களே நீதிபதிகளாக உட்கார்ந்த கச்சாச்சா மன்றங்களோ 2012-இல் மூடப்படுவதற்குள் சுமார் 19 லட்சம் வழக்குகளை முடித்தன. வழக்கறிஞர் கிடையாது. சொந்தப் பகையில் பொய்ச் சாட்சி சொன்னவர்களும் உண்டு. அதே சமயத்தில் நடந்த உள்நாட்டுப் போரில் வென்ற தரப்பினர் செய்த கொலைகள் அங்கே விசாரிக்கப்படவும் இல்லை. இந்தக் குறைகளை மறைத்து அதைப் புகழ்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் அந்த வழக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு சொத்து பற்றியவை என்று தெரிந்த நாளிலிருந்து என்னால் அதை விட முடியவில்லை. மாடு, கூரை ஓடு, கதவு, சமையல் பாத்திரம். கொலை நடந்த வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிப்போன பொருட்கள்.

என்னோடு படிக்கும் ஒருவருடைய அம்மா புகெசெராவில் இருக்கிறார். அவர் வீட்டுக் கதவையும் ஓடுகளையும் எடுத்தவர் அதே குன்றில்தான் குடியிருக்கிறார். ரொக்கமாகக் கொடுக்க வழியில்லாததால் அறுவடைக்கு அறுவடை பீன்ஸ் மூட்டை கொண்டுவந்து கடனைத் தீர்த்தாராம். "மன்னிச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். மகன் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா என்னைப் பார்த்து, "மூட்டையை எடை போட்டுத்தான் வாங்கினேன்" என்றார்.

என் ஆய்வேடு இந்தச் சொத்து வழக்குகள் பற்றித்தான். இனப்படுகொலைக்குப் பிந்தைய வாழ்க்கை எப்படி நடக்கிறது என்பதற்கு, பெரிய தலைகளின் தீர்ப்புகளைவிட கூரை ஓட்டுக்கும் மாட்டுக்கும் நடந்த இந்தக் கணக்குவழக்கு அதிகம் சொல்லும் என்று நம்புகிறேன். மன்றங்களின் பதிவேடுகள் இந்நாட்டு மொழியான கின்யார்வாண்டாவில், பெரும்பாலும் கையெழுத்தில் இருக்கின்றன. அதனால் இப்போது காலையில் மொழி வகுப்பு, மாலையில் பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பயிற்சி. இந்தத் துறையில் படிக்க வர நினைப்பவர்கள் விசாவுக்கு அலைய ஆரம்பிக்கும்போதே மொழியையும் ஆரம்பித்துவிடுங்கள். ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு பட்டம் வாங்கிவிடலாம். அந்த அம்மாவிடம் நேரே ஒரு கேள்வி கேட்க முடியாது.