அந்த ட்யூப் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்

பாவாடை நாடா கட்டும் இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாகச் சிவந்ததுதான் ஆரம்பம். பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வேலை எனக்கு. கத்திரி வெயிலில் நாள் முழுக்க நின்றால் நாடா ஈரமாகவே கிடக்கும். படர்தாமரை, அதாவது தோலில் வரும் பூஞ்சைத் தொற்று என்று பார்த்ததுமே தெரிந்தது. இடுப்பைக் காட்டக் கூச்சப்பட்டு, தெருமுனை மெடிக்கலில் ட்யூப் வாங்கிப் போட்டேன்.

இரண்டே நாளில் அரிப்பு நின்றது. நிறுத்தினால் நாலு நாளில் திரும்ப வந்தது. இப்படியே மூன்று மாதம், ஐந்து ட்யூப். அதற்குள் இடுப்பைச் சுற்றிக்கொண்டு தொடை வரை இறங்கிவிட்டது.

அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஓபி சீட்டு கொடுக்கும் அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "டைம் முடிஞ்சிச்சும்மா, நாளைக்கு வா." தோல் பிரிவுக்குச் சீட்டு எத்தனை மணிவரை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அரை நாள் சம்பளம் போனது.

மறுநாள் ஏழு மணிக்கே போய்ச் சீட்டு வாங்கிவிட்டேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன க்ரீம் போட்டீங்க?" பெயர் தெரியவில்லை, ட்யூபும் இல்லை. தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டுமாம்; ஆனால் காலையில்தான் க்ரீம் தடவியிருந்தேன். அப்படித் தடவினால் பூஞ்சை இருந்தும் தெரியாமல் போகலாம் என்று ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். அந்த ஒரு வாரம் அரிப்பு தாங்க முடியவில்லை, ராத்திரியெல்லாம் அழுதேன். க்ரீமை விட்டால் முதலில் கூடத்தான் செய்யும், பயந்து மறுபடி தடவாதீர்கள்.

அடுத்த முறை, கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய அட்டையை எடுத்துப் போனேன். டாக்டர் அதில் 'க்ளோபெட்டசால்' என்பதைத் தொட்டுக் காட்டினார். வீரியமான ஸ்டீராய்டு. சிவப்பும் அரிப்பும் பூஞ்சையோடு உடம்பு போடும் சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை அடக்கிவிடுகிறது, பூஞ்சை மேல்தோலில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்றுகொண்டு நிம்மதியாகப் பரவுகிறது. தோலும் மெலிந்துபோகும். என் தொடையிடுக்கில் விழுந்த வரிகள் முழுசாகப் போகாது என்று சொல்லிவிட்டார். அதுதான் இன்னும் ஆறவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அந்த அட்டையிலேயே இங்கிலீஷில் அச்சடித்திருக்கிறது. ஐந்து முறையும் யாரும் என்னிடம் சீட்டு கேட்கவில்லை.

சோதனையில் பூஞ்சை உறுதியானது. இட்ராகொனசோல் மாத்திரை, ஸ்டீராய்டு இல்லாத களிம்பு. மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும்; ஈரல் கோளாறு இருந்தாலோ வேறு மாத்திரை சாப்பிட்டாலோ முன்பே சொல்லிவிடுங்கள். களிம்பைப் படையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வெளியேயும் தடவ வேண்டும். படை மறைந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை விடக் கூடாது. முக்கியமாக, வீட்டில் எல்லோரையும் பாருங்கள். மாமியாருக்கு முதுகில், என் பையனுக்குக் கழுத்தில் இருந்தது. ஒரே துண்டுதான் காரணமாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் சேர்த்தே வைத்தியம் பார்த்தோம். இப்போது ஆளுக்கொரு துண்டு, நாடாப் பக்கத்தை வெளியே திருப்பி நல்ல வெயிலில் காயப்போடுகிறேன்.

ஏழு வாரத்தில் சரியானது. கடையில் இதைச் சொன்னபோது ட்ரையல் ரூமுக்குள் கூட்டிப் போய் மூன்று பேர் இடுப்பைக் காட்டினார்கள். மூன்று பேரிடமும் அதே மாதிரி ட்யூப். செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு, க்ரீம் தடவாமல், அட்டையோடு அவர்களைக் கூட்டிப் போகிறேன்.