முனியா, புத்தரா? தலையைப் பாருங்கள்

கண்மாய்க் கரை மரத்தடியில் கண்மூடி உட்கார்ந்த கல் எதுவானாலும் ‘முனி’ என்று எண்ணெய் சாத்திவிடுவது நம் ராமநாதபுரம் பக்கத்து வழக்கம். யாரென்று பார்க்கத் தலையில் தொடங்கலாம்.

முதலில் முடி. புத்தராகுமுன் சித்தார்த்தர் வாளால் அறுத்தபின் மிஞ்சிய இரண்டு விரற்கடை முடி வலமாகச் சுருண்டு தலையோடு ஒட்டிக்கொண்டது, பிறகு வளரவேயில்லை என்கிறது ஜாதகக் கதைகளுக்குப் பாலி மொழியில் உள்ள முன்னுரையான நிதானகதை. கீழக்கரையில் சங்கு பார்த்துப் பழகியவர்கள் ‘வலம்புரிச் சுருள்’ என்று சொல்லிவிடக்கூடும். அங்கேதான் சிக்கல். குறுகி நீளும் வால் மேலே, சுருள் தொடங்கும் நுனி கீழே, வாய் நம்மைப் பார்த்தபடி பிடித்தால் வாய் வலப்பக்கம் வருவது வலம்புரி. அதையே நுனிப் பக்கமிருந்து பார்த்தால் வரி நடுவிலிருந்து இடமாகச் சுற்றி வெளியே போகும்! சிலையின் சுருள் நமக்குக் காட்டுவது நுனிப் பக்கத்தை. நடுவிலிருந்து கடிகார முள் போக்கில் விரியும் சுருளுக்குச் சாதாரண இடம்புரிச் சங்கின் நுனிதான் சரியான உவமை.

உச்சியில் கவிழ்த்த கிண்ணம் போன்ற புடைப்பு உஷ்ணீஷம். தலைப்பாகை என்பது சொல்லின் பொருள். வடமேற்கே காந்தாரத்துச் சிலைகளில் அது முடிந்த கொண்டை. வடக்கே மதுராவில் கிடைத்த ‘கத்ரா புத்தர்’ சிலைக்கோ நத்தை ஓடு போன்ற ஒற்றைச் சுருள். நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த சுமார் 350 செப்புத் திருமேனிகளில் பலவற்றுக்கு அதன்மேல் தீக்கொழுந்து நிற்கும். கல்லில் அது எளிதில் உடையும். உச்சியில் தழும்பு இருக்கிறதா பாருங்கள்.

புருவ நடுவில் ஊர்ணம். வெண்மயிர்ச் சுழி அது, நெற்றிக்கண் அல்ல. செதுக்காமல் விட்ட சிலைகளும் உண்டு; செதுக்கியதைக் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்துவிடும்.

காது, பாம்படம் கழற்றிய பாட்டியின் காது மாதிரி வெறுமையாகத் தொங்கும். குழையும் மகுடமும் இருந்தால் போதிசத்துவராக, அதாவது புத்தராகும் வழியில் இருப்பவராக இருக்கலாம். மகுடத்தில் சிறு தூபி (பௌத்த நினைவு மேடு) இருந்தால் மைத்ரேயர், அமர்ந்த குட்டிப் புத்தர் இருந்தால் அவலோகிதர்.

சுருளும் நீள்காதும் சமண குருவான தீர்த்தங்கரருக்கும் உண்டு என்பதால் அவசரம் வேண்டாம். தலைக்கு மேல் முக்குடை இருந்தால் சமணம். இடத்தோளிலிருந்து மார்பின் குறுக்கே ஆடை விளிம்பு ஓடினால் புத்தர்.

கம்பி பிரஷ், ஆசிட் இரண்டும் கூடாது. கடற்காற்றின் உப்பு கல்லின் நுண்துளைகளில் படிகமாகி மேல்தோலைப் பொருக்காகத் தூக்கியிருக்கும். தேய்த்தால் சுருளும் சேர்ந்து உதிரும். மழமழவென்று தெரிவதால் மொட்டை என்றும் முடிவுகட்ட வேண்டாம். சாயங்காலம் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, மழை அதிகம் படாத காதுப் பின்புறத்தையும் பிடரியையும் பாருங்கள். இரண்டொரு சுருள் அங்கே மிஞ்சியிருக்கலாம்.