அரிசி இருக்கு, விறகுதான் இல்ல

மாரி தொடங்கினா, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில கூலி வேலை படுத்திரும். கடலும் கொந்தளிப்பு. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கட கத்தோலிக்கப் பங்கில ஏழைகளுக்கு உதவுற வின்சன்ட் டி போல் சபை வீடு வீடாப் போகும். 1833ல பாரிஸில ஓசானாமும் கூட்டாளிமாரும், அதுவும் படிக்கிற பொடியன்மார், தொடங்கின சபை. ரெண்டு பேராப் போறது, இருந்து கதைக்கிறது, பிறகுதான் உதவி. ஆக்களக் கூப்பிட்டு வரிசையில நிக்க வைக்கிற வேலை கிடையாது.

இந்த முறை ஃபாதர் சொல்லிட்டார், எங்கட மாதா கோயில் பதிவேட்டை மட்டும் பார்க்க வேணாமெண்டு. பிள்ளையார் கோயில நிர்வகிக்கிற வண்ணக்கரையும் கிராம சேவகரையும் கேட்டுத்தான் பட்டியல் போட்டம். அதில பூசைக்கு வாற ஆக்கள் குறைவுதான். அதுக்குச் சில பேர் முணுமுணுத்தாங்க, முணுமுணுக்கட்டும்.

வவுணதீவுப் பக்கம் ஒரு ஆச்சி பொதியைப் பார்த்திட்டுச் சொன்னா: "அரிசி கிடக்கு மனே, விறகெல்லாம் நனைஞ்சு போச்சு. எதில அவிக்கிற?" சரியான கேள்வி. வெள்ளம் நிக்கிற நாள்ல பருப்பும் மாவும் குடுத்து என்ன செய்யிற? அதால இப்ப முதல்ல சமைச்ச சாப்பாட்டுப் பார்சல், தண்ணி வடிஞ்ச பிறகு உலர் உணவு. பொம்பிளைகளுக்கான பொருட்களையும் சேர்த்திருக்கம். ஆம்பிளையள் போடுற பட்டியல்ல அது எப்பவும் விடுபட்டுப் போகும்.

படம் எடுக்கல்ல. காசு அனுப்பின வெளிநாட்டுச் சொந்தங்களுக்குக் கணக்குத்தாள் வரும்.

அடுத்தது ஜனவரி, பள்ளிக்கூடம். கொப்பி ஓரளவு சேர்ந்திட்டு, சப்பாத்துத்தான் தட்டுப்பாடு. தரக்கூடிய ஆக்கள் ஞாயிறு பூசை முடிய வாங்க, அளவுகள் எழுதி வச்சிருக்கம்.