வேறு ப்ராசஸ்தானே, இது ஏன் சேர்ந்து ஹேங் ஆகிறது?

ஸ்கேன் மையங்களின் வரவேற்பு மேசையில் ஓடும் ஒரு விண்டோஸ் மென்பொருளை எங்கள் அணி பராமரிக்கிறது. இடப்பக்கம் நோயாளிகள் பட்டியல், டோக்கன், பில். வலப்பக்கம் ஸ்கேன் படம். படத்தைக் காட்டும் லைப்ரரி வெளியிலிருந்து வாங்கியது. பெரிய படங்களில் அது சில நேரம் சிக்கிக்கொள்ளும். அதனால் பில் போடுவது நிற்கக் கூடாது என்று, அந்த லைப்ரரியை 'வியூவர்' என்ற தனி எக்ஸ்இ ஆக, அதாவது தனி ப்ராசஸாக (தனியே ஓடும் புரோகிராமாக) ஓட்டி, அதன் விண்டோவை செட்பேரன்ட் என்ற விண்டோஸ் கட்டளை மூலம் எங்கள் விண்டோவுக்குள் சைல்டாக, அதாவது உள்விண்டோவாகப் பொருத்தியிருந்தோம்.

வியூவர் க்ராஷ் ஆனால் இந்த ஏற்பாடு நன்றாகவே காப்பாற்றியது. ஹேங் ஆனால்தான் சிக்கல். பில் பக்கமும் சேர்ந்து நின்றுவிடும்.

முதலில் கிடைத்த டம்ப் (நின்ற நேரத்தில் புரோகிராமின் நிலையைப் பதிந்த ஃபைல்) தெளிவாக இருந்தது. யாரோ எங்கள் விண்டோவின் அளவை மாற்றியிருக்கிறார்கள், எங்கள் மெயின் த்ரெட் (திரையைக் கவனிக்கும் முக்கிய வேலை ஓட்டம்), விண்டோவை நகர்த்தும் செட்விண்டோபாஸ் கட்டளைக்குள் காத்திருக்கிறது. ஒரு விண்டோவை நகர்த்தினால் விண்டோஸ் அந்த விண்டோவுக்கு மெசேஜ் அனுப்பிப் பதில் வரும்வரை நிற்கும். பதில் சொல்ல வேண்டிய வியூவரோ சிக்கிக் கிடக்கிறது. சரி, காத்திருக்காமல் நகர்த்தச் சொல்லும் அசிங்க் ஃப்ளாக் ஒன்று உண்டு, அதைப் போட்டுப் பார்த்தோம். எந்த மாற்றமும் இல்லை.

அடுத்து வந்த டம்ப் இன்னும் குழப்பியது. மெயின் த்ரெட், அடுத்த மெசேஜுக்காகக் காத்திருக்கும் கெட்மெசேஜில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. எந்த லாக்குக்காகவும் காத்திருக்கவில்லை, ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும் டெட்லாக்கும் இல்லை. வேலை இல்லாத எந்த நல்ல புரோகிராமும் அப்படித்தான் இருக்கும். திரையில் எங்கள் கடிகாரம் விநாடி விநாடியாக ஓடுகிறது, ஆனால் பில் பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை. தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்றும் வரவில்லை. ஒரு த்ரெட் 5 விநாடி மெசேஜ் எடுக்க வராவிட்டால்தான் விண்டோஸ் அப்படி முத்திரை குத்தும். எங்கள் த்ரெட் எடுக்கத்தான் காத்திருந்தது. அதற்கு எதுவும் கொடுக்கப்படவில்லை.

வழி காட்டியது அந்த அசிங்க் ஃப்ளாக்கின் விளக்கக் குறிப்புதான். அழைக்கும் த்ரெட்டும் விண்டோவுக்குச் சொந்தக்கார த்ரெட்டும் வெவ்வேறு இன்புட் க்யூவில் (மவுஸ், கீபோர்டு நிகழ்வுகள் நிற்கும் வரிசை) இருந்தால் மட்டுமே அது பலிக்கும் என்று அதில் இருக்கிறது. எங்களுடையவை இரண்டு தனி ப்ராசஸ்கள். அவற்றின் க்யூ எப்படி ஒன்றாகும்?

ஆகும். விண்டோஸில் ஒரு விண்டோ, தன்னை உருவாக்கிய த்ரெட்டுக்குச் சொந்தம். அதன் மெசேஜ்கள் அந்த த்ரெட்டிடம்தான் போகும், அந்த த்ரெட் மட்டுமே அதை அழிக்க முடியும். ஒரு த்ரெட்டின் விண்டோவை இன்னொரு த்ரெட்டின் விண்டோவுக்குச் சைல்டாக்கினால், அந்த இரண்டு த்ரெட்களின் இன்புட் க்யூவையும் விண்டோஸ் தானாகவே ஒன்றாக இணைத்துவிடுகிறது. அட்டாச்த்ரெட்இன்புட் என்று நாமே கூப்பிட்டால் நடக்கும் அதே வேலை. ப்ராசஸ் எல்லை அதைத் தடுக்காது.

இணைந்த க்யூவில் மவுஸ், கீபோர்டு நிகழ்வுகள் வந்த வரிசையிலேயே தீர வேண்டும். அதற்குக் காரணம் உண்டு: முதல் க்ளிக் ஃபோகஸை வேறு விண்டோவுக்கு மாற்றலாம், அடுத்த எழுத்து எங்கே போக வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. ஆகவே வியூவர் மீது விழுந்த ஒரு க்ளிக் எடுக்கப்படாமல் கிடந்தால், அதன் பின்னால் வந்த எங்கள் க்ளிக்குகளும் நிற்கும். ஒற்றைப் பாலத்தில் முதல் லாரி பழுதாகி நின்றது போல. டைமரும், போஸ்ட் செய்த (பதிலுக்குக் காத்திராமல் போட்டுவிட்டுப் போகும்) மெசேஜ்களும் அந்தந்த த்ரெட்டுக்கே உரியவை, அவை இந்த வரிசையில் நிற்பதில்லை. கடிகாரம் ஓடியது அதனால்தான்.

1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் எல்லா புரோகிராமுக்கும் சேர்த்து ஒரே இன்புட் க்யூ, ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் என்டி அதைத் த்ரெட்டுக்கு ஒன்றாகப் பிரித்தது. ஒரு புரோகிராமின் கோளாறு இன்னொன்றைத் தொடக்கூடாது என்று அவ்வளவு பாடுபட்டுப் பிரித்ததை, எங்கள் ஒரு செட்பேரன்ட் வரி இரண்டு ப்ராசஸ்களுக்கு இடையே மறுபடி ஒட்டவைத்திருந்தது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற கருவியில் வியூவரை சஸ்பெண்ட் செய்து (தற்காலிகமாக நிறுத்தி), படத்தின் மேல் ஒரு க்ளிக் கொடுத்தேன். பில் பட்டன் செத்தது. ரெஸ்யூம் செய்ததும் தேங்கிய க்ளிக்குகள் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. வியூவரைச் சைல்டாக்காமல் தனி விண்டோவாக விட்டு அதையே செய்தபோது பில் பக்கம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிரச்சினை இன்னது என்று உறுதியான அந்த நேரம் எனக்கு உண்மையிலேயே பெரிய நிம்மதி.

செட்பேரன்ட்டுக்குப் பிறகு க்யூக்களை நாமே பிரித்துவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு விண்டோக்களும் ஒரே குடும்பமாக இருந்தபடி ஃபோகஸ் மட்டும் தனித்தனியாக இருந்தால் கீபோர்டு எங்கே போகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அது மட்டுமல்ல, நகர்த்தும்போதும் மறைக்கும்போதும் காத்திருக்கும் இடங்கள் அப்படியே இருக்கும்.

கடைசியில் வியூவரின் விண்டோவையே எடுத்துவிட்டோம். லைப்ரரி படத்தை, இரண்டு ப்ராசஸ்களும் பார்க்கக்கூடிய ஷேர்டு மெமரியில் வரைகிறது, முடிந்ததும் ஒரு மெசேஜ் போஸ்ட் செய்கிறது, எங்கள் விண்டோ அதை எடுத்துத் திரையில் போடுகிறது. 1920 × 1080 அளவில், புள்ளிக்கு 4 பைட் என்றால் சுமார் 8 எம்பி. ஒன்றில் வரையும்போது இன்னொன்றைக் காட்ட இரண்டு பஃபர். மவுஸ் நிகழ்வுகளை எங்கள் த்ரெட் வாங்கி பைப் (ப்ராசஸ்களுக்கு இடையிலான தகவல் வழி) மூலம் வியூவருக்கு அனுப்புகிறது, பதிலுக்குக் காத்திருப்பதில்லை. வியூவர் சிக்கினால் பழைய படம் அப்படியே நிற்கும், 'படம் தயாராகிறது' என்று ஒரு வரி வரும், பில் போய்க்கொண்டே இருக்கும்.

இதில் தனியாகக் கவனிக்க வேண்டியிருந்தது 'சேவ் ஆஸ்' பெட்டி. வியூவர் அதைத் திறந்து எங்கள் விண்டோவை ஓனராக (அந்தப் பெட்டி சார்ந்திருக்கும் விண்டோவாக) கொடுத்தால் க்யூக்கள் மறுபடி இணைந்துவிடும். சைல்டுக்கு உள்ள விதிதான் ஓனருக்கும். அதனால் அந்தப் பெட்டியை எங்கள் த்ரெட்டே திறக்கிறது, தேர்ந்தெடுத்த ஃபைலின் பாதை மட்டும் பைப்பில் வியூவருக்குப் போகிறது.