கருவிப் பெட்டியைத் திறக்காத நாட்கள்

குறுகிய கால கிறிஸ்தவ ஊழியத்துக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு எதையாவது கட்டிக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று ஆசை. சுவரோ, கழிப்பறையோ, குழாயோ, குரூப் போட்டோவில் பின்னால் நிற்க ஏதாவது ஒன்று வேண்டும். நான் பம்பு, பைப் வேலையிலேயே காலம் தள்ளியவன். அதனால் எங்கள் சபைக் குழு ஆப்பிரிக்க நாடான மலாவியின் தெற்கே இருக்கும் முலாஞ்சே மாவட்டத்துக்குக் கிளம்பியபோது, பழுதான கைபம்புகளைச் சரிசெய்யும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நல்ல கனமான கருவிப் பெட்டி ஒன்றைத் தயார் செய்துகொண்டேன்.

அங்கே கிராமங்களில் பரவலாக இருப்பது ஆஃப்ரிடேவ் பம்பு. 1980களில் மலாவியிலும் கென்யாவிலும் சோதித்துச் சோதித்து உருவாக்கியது. 45 மீட்டர் ஆழம் வரைக்கும் இழுக்கும். வடிவமைத்தவர்களுக்கு ஒரு விஷயத்தில் பிடிவாதம் இருந்தது: பம்பை அடிக்கிறவர்களே அதைக் கழற்றி மாட்டவும் வேண்டும். பாரம் தூக்கும் செயின் பிளாக்கோ வண்டியோ இல்லாமல், ஒரே ஒரு ஸ்பேனரில் வேலை முடிய வேண்டும். இதெல்லாம் கிளம்பும் முன்பே படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் 'அடிக்கிறவர்கள்' என்று படித்தபோது என் மனதில் எந்த முகமும் இல்லை.

நாங்கள் போன ஊரில் தண்ணீர்க் கமிட்டியில் பெரும்பாலும் பெண்கள். தலைவியம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பம்பில் தண்ணீர் வருவது குறைந்துபோயிருந்தது. நான் கேள்வி மேல் கேள்வி கேட்க, மொழிபெயர்த்துக்கொண்டிருந்த உள்ளூர் மெக்கானிக், "கொஞ்சம் இருக்கச் சொல்றாங்க சார்" என்றார். அந்தம்மா தண்ணீர் வரும்வரை அடித்தார். பிறகு கைப்பிடியை விட்டுவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தார். அரை மணி நேரம் வேறு கதை பேசினார்கள். திரும்ப வந்து, இந்த முறை எண்ணிக்கொண்டே அடித்தார். ஐந்து அடிக்கு மேல் போயும் தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே நின்ற தண்ணீர் கீழே இறங்கியிருக்கிறது, அப்படியென்றால் கோளாறு தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் அடியில் தாங்கும் ஃபுட் வால்வில், இல்லையென்றால் குழாயில். வந்த பிறகும் ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சமாகத்தான் விழுந்தது, ஆகவே தண்ணீரை மேலே தூக்கும் பிஸ்டனின் வாஷரும் தேய்ந்திருக்கிறது. மீட்டர் இல்லை, கேஜ் இல்லை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் முதலில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டிருப்பேன்.

கழற்றும் வேலையிலும் அதே நிதானம்தான். பம்பின் மேல்மூடியைத் திறந்து, இரண்டு நட்டுகளைத் தளர்த்தி, கைப்பிடியை எடுத்து வைத்துவிட்டு, பிஸ்டனைத் தாங்கிக் குழாய்க்குள் தொங்கும் ராடுகளைக் கை மாற்றிக் கை மாற்றி மேலே இழுத்தார்கள். ஒவ்வொரு ராடும் அடுத்ததோடு கொக்கியில் தொங்குகிறது, பிரிக்கக் கருவி தேவையில்லை. வாஷரின் விளிம்பில் அந்தம்மா கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. என்னிடம் நீட்டி, தொட்டுப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஒரு மழுங்கல், விரலுக்குத் தெரிந்தது.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். கழற்றிய ராடுகள் மண்ணில் படாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மண் ஒட்டிக்கொண்டு உள்ளே போனால் புது வாஷரும் சீக்கிரம் தேயும், ஆகவே அவசியமான வேலைதான். ஆனால் வேறு நாளாக இருந்தால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் எவனாவது அதைச் செய்திருப்பான். யாரும் என்னை மட்டம் தட்டவில்லை. விருந்தாளி சும்மா நிற்கக் கூடாதே என்று ஒரு மரியாதைக்குக் கொடுத்தது. அந்த மரியாதைதான் உறைத்தது.

அதைவிட உறைத்தது குளியல் தண்ணீர். பம்பு ஓடாத நாட்களில் பெண்கள் தூரத்து ஓடையிலிருந்து தலையில் சுமந்து வந்தார்கள். நாங்கள் தங்கிய வீட்டு வாசலில் காலையில் வாளிகள் நிறைந்திருக்கும், சில நாள் வெந்நீராகவே. தண்ணீர்க் கஷ்டம் தீர்க்க வந்தவர்கள் குளிப்பதற்கு, அந்தக் கஷ்டத்திலேயே கூடுதலாக ஒரு நடை. வேண்டாம் என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். வீட்டுக்காரம்மாவின் முகம் வாடிவிட்டது. இயேசு கால் கழுவியதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். கழுவக் கூடாது என்று மறுத்து, கடைசியில் காலை நீட்ட வேண்டிவந்த பேதுருவின் சங்கடம் அந்த வாளிக்கு முன்னால்தான் எனக்குப் புரிந்தது. மறுபடி யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீரைக் குறைவாகச் செலவழித்தோம், அவ்வளவுதான்.

அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தத் திறமை எங்களைப் போன்ற குழுக்கள் கொடுத்ததல்ல. 3,002 மீட்டர் உயரமுள்ள முலாஞ்சே மலையின் ஓடைகளைக் குழாயில் இறக்கி ஊர்களுக்குக் கொண்டுவரும் திட்டம் 1960களின் கடைசியில் அதே மாவட்டத்துச் சாம்பேயில் தொடங்கியபோது, குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியது கிராமத்து ஜனங்கள். பொறியாளர்களும் அரசாங்கமும் இருந்தார்கள், ஆனால் மண்வெட்டி இவர்கள் கையில்தான். தண்ணீர் விஷயத்தில் கமிட்டி போட்டு, வேலையைப் பங்கு பிரித்து, ஆள் சேர்ப்பது அந்த வட்டாரத்துக்குப் புதிதே அல்ல. இதைப் போவதற்கு முன் நடந்த ஆயத்தக் கூட்டங்களில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கலாச்சாரம், உடை, தடுப்பூசி எல்லாம் சொன்னார்கள். தாழ்மையைப் பற்றியும் நிறையப் பேசினார்கள், எளியவர்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்கிற மாதிரி. அன்பாக இருப்பது சுலபம். பம்பு தெரிந்தவன் பம்படியில் எடுபிடியாக நிற்பதற்கு வேறொன்று வேண்டியிருக்கிறது, அதற்கு எந்தக் கூட்டத்திலும் பயிற்சி கிடையாது.

உண்மையில் அவர்களுக்கு முடை உதிரி பாகத்துக்குத்தான். வாஷர், ஓ-ரிங், புஷ் எல்லாம் தேயும் சாமான்கள். வீட்டுக்கு வீடு வசூலித்து வாங்குகிறார்கள், அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்களில் வசூல் படுத்துவிடும்.

அடுத்த குழுவின் பட்ஜெட் பேசும்போது இரண்டு மாற்றம் கேட்டேன். கருவிகளுக்கு ஒதுக்கும் பணத்தை உதிரி பாகத்துக்கு மாற்றி, அதையும் அந்த மாவட்டத்துக் கடையிலேயே வாங்க வேண்டும். எங்கள் வேலைப் பட்டியலை ஊர்க் கமிட்டி எழுதி அனுப்ப வேண்டும், நாங்கள் எழுதக் கூடாது. முதலாவதை உடனே ஒத்துக்கொண்டார்கள். இரண்டாவது இன்னும் இழுபறியில் இருக்கிறது. "அவங்க நம்மள வரவே வேண்டாம்னு எழுதிட்டா என்ன பண்றது?" என்று ஒருவர் கேட்டார். டிக்கெட் காசு மிச்சம், அதற்கும் வாஷர் வாங்கி அனுப்பலாம் என்றேன்.